பதினாலாம் நம்பர் ஸ்பானர்

எங்கள் தாமானில், அந்த வீட்டுவரிசைக் குடியிருப்பு முழுக்க, ஒரே விரலால் கார் ஓட்டியவர் என் வீட்டுக்காரர் உடையப்பன் மட்டும்தான். மற்ற ஆண்கள் பாவம், இரண்டு கையாலும் ஸ்டீரிங்கைப் பிடித்து இழுத்து, வாய் கோணி, மூச்சு வாங்கி வாசலில் காரைத் திருப்புவார்கள். இவர் ஆள்காட்டி விரலை வைத்து லேசாகச் சுழற்றுவார். கார் திரும்பும். யார் பார்க்கிறார்கள் என்று இவர் தலையும் கூடவே திரும்பும்.

அது தோட்டத்துத் துரையின், அதாவது மேனேஜரின், கார். கோலசிலாங்கூர் பக்கத்தில் எண்ணெய்க்கு வளர்க்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இவர் கணக்கு எழுதும் பெரிய கிராணி. துரை புதுக் கார் வாங்கியபோது பழையதை இவர் தலையில் கட்டிவிட்டார். எண்பத்தாறில் எங்கள் பக்கம் பவர் ஸ்டீரிங் என்றால் பெரிய பேச்சு. அந்த சீட்டில் உட்கார்ந்த நாளிலிருந்து இவருக்குத் துரையின் இருமல்கூட வந்துவிட்டது.

கட்டிய கணவரைக் கேலி செய்வதற்காக இதை எழுதவில்லை. இவருடைய தங்கை கங்கா எப்படிச் செத்தாள் என்று ஊரில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். கூடவே இருந்தவள் நான். நடந்ததை நடந்தபடி சொல்வதுதான் நியாயம்.

கங்கா எங்களோடு இருந்தாள். பேட்டரித் தொழிற்சாலையில் வேலை. செரண்டா ஊர் மாப்பிள்ளைக்குப் பேசி முடித்து, தை மாதம் கல்யாணம் என்று தேதியும் குறித்திருந்தோம். என்னோடு வாய் ஓயாமல் பேசுவாள். புடவையிலிருந்து மாப்பிள்ளையின் மீசை வரைக்கும் "அண்ணி, நீங்க சொல்லுங்க" என்று என்னிடம்தான் கேட்பாள். அந்த வீட்டில் என் அபிப்பிராயத்தைக் கேட்ட ஒரே ஆள் அவள்.

காருக்கு அடியில் சிவப்பு எண்ணெய் சொட்டுவதை முதலில் பார்த்ததும் நான்தான். தீபாவளி அன்று வீடு நிறைய விருந்தாளிகள் இருக்கும்போது சொன்னேன்.

"ஏங்க, காரு எண்ணெய் ஒழுகுதுங்க."

"நீ கொழம்புல எண்ணெய் மெதக்குதான்னு மட்டும் பாரு லா. மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். கங்காவும் சிரித்தாள். மற்றவர்கள் சிரித்து முடித்த பிறகும் அவள் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் குலுங்கினாள். நல்ல பெண். மனதில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாது. எனக்குத் தெரியும்.

கார்த்திகை பிறப்பதற்குள் ஸ்டீரிங் கல்லாகிவிட்டது. இவரும் இரண்டு கையாலும் இழுத்து, வாய் கோணி, மூச்சு வாங்க வேண்டியதாயிற்று. அதுவும் எதிர்வீட்டுக்காரர் நாகமணி பார்த்துக்கொண்டிருக்கும்போது. ஒர்க்‌ஷாப் அப்பளசாமி குனிந்து பார்த்துவிட்டு, ரேக் போய்விட்டது என்றார். ரேக் என்றால் முன்சக்கரம் இரண்டையும் இடமும் வலமும் தள்ளுகிற நீண்ட இரும்புச் சாமான். "வேற போடணும் அண்ணே. ரெண்டு நாளைக்குக் கார உட்டுட்டுப் போங்க."

இவர் விடவில்லை. தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் இதே வேலையைப் பார்த்திருக்கிறாராம். பார்த்தது உண்மைதான், நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டு. கிள்ளானில் பழைய கார்களை உடைத்து விற்கும் கடைக்குப் போய் ஒரு ரேக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

சனிக்கிழமை காலை காரை ஜாக்கியில் ஏற்றிக் கட்டை கொடுத்து, முன்சக்கரங்களைக் கழற்றினார். வேடிக்கை பார்க்க நாகமணி நாற்காலியோடு வந்து உட்கார்ந்துவிட்டார். இவர் காருக்கு அடியில் போகும் முன் எனக்கு ஒரு சட்டம் போட்டார்.

"நான் நம்பர் சொன்னா ஸ்பானர எடுத்துக் குடு. மத்தபடி வாயத் தொறக்காத. பொம்பள பேச்சக் கேட்டா போல்ட்டு மாறிப் போயிரும்."

நாகமணி சிரித்தார். நான் வாயைத் திறக்கவில்லை. "பதினேழு" என்று ஒரு கை வெளியே நீளும், அதில் வைப்பேன். "பதினாலு", வைப்பேன். சக்கரத்துப் பக்கத்து மூட்டு இரண்டும் வரமாட்டேன் என்று அடம் பிடித்தன. சுத்தியலால் காரை அடித்தார், பிறகு தன் கட்டை விரலை அடித்தார். எண்ணெய்க் குழாயைக் கழற்றும்போது அடியில் ஏதாவது சட்டி வைக்க வேண்டும் என்று எனக்கே தோன்றியது. ஆனால் பேசக்கூடாதே. சிவப்பு எண்ணெய் முழுக்க இவர் மூக்கிலும் வாயிலும் இறங்கியது. மத்தியானம், செத்த மலைப்பாம்பை இழுத்துக்கொண்டு வருவதுபோல் பழைய ரேக்கோடு வெளியே வந்தார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

புது ரேக்கை மாட்டும்போது ஒரு இடத்தை எனக்குக் காட்டினார். எனக்கு என்று சொல்வது தவறு. நாகமணிக்குக் காட்டினார், நான் பக்கத்தில் நின்றேன். ஸ்டீரிங்கிலிருந்து வரும் தண்டும் ரேக்கும் சேருகிற இடத்தில் ஒரு கவ்வி இருக்கிறது. அதைக் குறுக்கே ஒரு போல்ட் இறுக்கிப் பிடிக்கிறது. "இது ஒண்ணு இல்லன்னா ஓட்றவன் கையில ஸ்டீரிங்கு சும்மா சுத்தும். சக்கரம் அதும்பாட்டுக்குப் போவும்" என்றார். அன்று முழுவதும் இவர் சொன்னதில் மிகத் தெளிவான பேச்சு அதுதான்.

மறுநாள் காலை ஜெராம் பக்கத்து அம்மன் கோயிலில் காருக்குப் பூசை. சக்கரத்துக்கு அடியில் வைத்து நசுக்க நான்கு எலுமிச்சம்பழத்தை நானே பார்த்து எடுத்துக் கழுவித் துடைத்து, கங்காவின் பையில் போட்டேன். அந்தக் காலை நேரத்தில் அந்தப் போல்ட் அதன் இடத்தில் இல்லை என்பது எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. வாயைத் திறக்கக்கூடாது என்பது இவர் போட்ட சட்டம். அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டதாக இவர் சொல்லவே இல்லையே.

கங்கா முன் சீட்டில் ஏறிவிட்டு இறங்கி வந்தாள்.

"அண்ணி, நீங்களும் வாங்க. நீங்க வராம என்ன பூசை?"

"தலைவலிம்மா. நீ போயிட்டு வா."

உள்ளே ஓடிப்போய்த் தைலத்தை எடுத்து வந்து என் நெற்றியில் தடவிவிட்டுப் போனாள். அதன் வாசனை என் நெற்றியில் இருந்து போவதற்குள் செய்தி வந்துவிட்டது.

வளைவில் இவர் விரலைச் சுழற்றியிருக்கிறார். ஸ்டீரிங் சுற்றியது, கார் சுற்றவில்லை. எதிரே செம்பனைக் குலை ஏற்றிய லோரி. இடித்தது கங்கா உட்கார்ந்திருந்த பக்கம். இவருக்கு இடுப்பெலும்பும் வலது கையும் போயின. அந்தக் கை இன்றைக்கும் ஒரு விரலைக்கூடத் தூக்காது.

போலீஸ் அப்பளசாமியைக் கூட்டிக்கொண்டு வந்து காரைப் பார்க்கச் சொன்னது. கவ்வியில் போல்ட்டே இல்லை, ரோட்டுக் குலுக்கலில் தண்டு கழன்றுவிட்டது என்று அவர் சொன்னார். பிறகு இவருடைய நட்டு, போல்ட் போட்டு வைக்கும் பால்மாவு டின்னைக் கொட்டிப் பார்த்தார்கள். அதில் அந்தப் போல்ட் இருந்தது. கிராணி முறுக்க மறந்துவிட்டார் என்று ஊரே முடிவு செய்தது. கோர்ட்டில் இவரும் ஊன்றுகோலோடு எழுந்து நின்று தப்பு என்னுடையதுதான் என்று அழுதார். செரண்டா மாப்பிள்ளை இவர் முகத்தைப் பார்க்காமலேயே எழுந்து போனார்.

கங்காவின் பையைப் போலீஸ்காரர் என்னிடம் கொடுத்தார். எலுமிச்சம்பழத்தில் ஒன்றுகூட நசுங்கவில்லை. வீணாக்குவானேன் என்று ஊறுகாய் போட்டேன். இவருக்குக் கஞ்சிக்கு அதுதான் பிடிக்கிறது.

இப்போது முன் அறையில் சாய்வு நாற்காலியில் கிடக்கிறார். துரை குரலும் இல்லை, இருமலும் இல்லை. தினமும் ஒரே கேள்வி.

"லீலா, நீ பக்கத்துலதான இருந்த. அந்தப் போல்ட்ட நான் முறுக்குனேன்ல? முறுக்குன மாதிரிதான் இருக்கு. நீ பாத்தியா?"

"நீங்க பேசாம இருங்க" என்பேன். பேசாமல் இருப்பார். நல்ல பழக்கம், கொஞ்சம் தாமதமாக வந்திருக்கிறது.

இவர் முறுக்கினார். நான் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு தடவை முறுக்கினார். எண்ணெய் ஊற்றிக் காற்றை வெளியேற்றுவதற்காக என்னை ஓட்டுநர் சீட்டில் உட்காரவைத்து, என்ஜினைப் போட்டு, ஸ்டீரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பச் சொன்னார். கல்யாணம் ஆகி அத்தனை வருஷத்தில் அந்த சீட்டில் நான் உட்கார்ந்தது அன்றுதான். ஒரு விரலை வைத்துப் பார்த்தேன். வெண்ணெய்போல் திரும்பியது. நாகமணி கைதட்டினார். கங்கா "எங்கண்ணன்னா சும்மாவா!" என்று குதித்தாள். இவர் என்னைப் பார்த்து, "எறங்கு, எறங்கு. நீ என்னமோ ஓட்டப் போறவ மாதிரி" என்றார். மறுபடியும் எல்லாரும் சிரித்தார்கள்.

இந்த மனிதர் வாழ்க்கையில் ஒரு வேலையைத் துளிக் குறையில்லாமல் செய்துவிட்டார். இனி சாகும்வரை அதைச் சொல்லிக்கொண்டே இருப்பார், நான் காப்பி ஆற்றிக்கொண்டே கேட்க வேண்டும். அதை என்னால் பொறுக்க முடியவில்லை. இவர் குளிக்கப் போன நேரத்தில் பானட்டைத் திறந்தேன். எந்த நம்பர் என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பதினாலு. கழற்றிய போல்ட்டைத் துடைத்து டின்னில் போட்டுவிட்டு, இரவுக்குச் சப்பாத்தி மாவு பிசைந்தேன்.

யாரையும் கொல்ல நான் நினைக்கவில்லை. இதை அம்மன் மீது ஆணையாகச் சொல்வேன். கோயில் வாசலில், அத்தனை பேர் முன்னால் இவர் விரலைச் சுழற்ற, கார் திரும்பாமல் நிற்க, எல்லாரும் இவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். நான் ஆசைப்பட்டது அவ்வளவுதான். ரோட்டில் ஏதாவது நடக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

தலைவலியைப் பற்றிக் கேட்பீர்கள். அது பொய் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்குத் தலைவலி வரும் என்று, மாவு பிசையும்போதே எனக்குத் தெரியும்.