முயலுக்குக் காது கேட்காது

பத்து மணிக் காட்சிக்கு வரும் பிள்ளைகளை ஒன்பதே முக்காலுக்குள் கழிப்பறைக்குக் கூட்டிப்போய் வந்துவிட வேண்டும். எங்கள் தொழிலில் இதுதான் முதல் பாடம். நடுவில் ஒரு பிள்ளை எழுந்தால் அதன் பின்னால் பத்து எழும், கூடவே டீச்சரும் எழுவார், அப்புறம் மேடையில் நிஜச் சிங்கமே வந்து நின்றாலும் ஒருத்தரும் பார்க்க மாட்டார்கள். இருபது வருஷமாக வாசலில் நின்று இதைச் சொல்லிவந்தவள் நான்தான். அன்றைக்கும் சொன்னேன். வந்திருந்த இருநூற்றுப் பதினான்கு பிள்ளைகளில் ஒன்றுகூட நடுவில் கழிப்பறைக்குப் போகவில்லை. ஆகவே எல்லாரும் எல்லாவற்றையும் பார்த்தார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மேடம். பிற்பாடு நான் எதையும் மறைத்தேன் என்று இருக்கக் கூடாது.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக மட்டும் நாடகம் போடுகிற குழு எங்களுடையது. அண்ணன் ஆரம்பித்தது. எழுதுவது, இயக்குவது, விளக்குப் போடுவது எல்லாம் அவன். தைப்பது, ஒட்டுவது, கீலுக்கு எண்ணெய் விடுவது, நடிப்பது எல்லாம் நான். மற்ற நடிகர்கள் வருவார்கள், போவார்கள். அண்ணி நாலு வருஷத்துக்கு முன்னால் வந்தாள். நடிக்க வரவில்லை. பாலர் வகுப்பு டீச்சராக, முப்பது பிள்ளைகளைக் கைகோத்து வரிசையாக நடத்திக்கொண்டு எங்கள் நாடகம் பார்க்க வந்தாள். அண்ணன் அவளைப் பார்த்தான். ஆறு மாதத்தில் கல்யாணம். அவள் என்னைவிட ஒன்பது வயது சின்னவள். முறைக்கு நான் அவளை அண்ணி என்பேன், வயசுக்கு அவள் என்னை அக்கா என்பாள். இதில் யார் பெரியவள் என்று புதிதாக வருகிறவர்கள் குழம்பிப்போவார்கள். எனக்கு ஒரு குழப்பமும் இருந்ததில்லை.

எங்களுக்குச் சோறு போட்டது ஒரே ஒரு நாடகம். முயல், நரி, குழி, அவ்வளவுதான். அதை நீங்கள் பார்த்ததில்லை என்பதால் சொல்கிறேன். நரி மேடையில் குழி தோண்டி, இலை தைத்த பச்சைத் துணியை மேலே விரித்து மூடும். பக்கத்து மரத்தில் இரண்டு கயிறு தொங்கும். சிவப்பு சும்மா, ஓர் ஆணியில் கட்டியது. நீலம்தான் நிஜம். துணிக்கு அடியில் மேடையிலேயே ஒரு பலகைக் கதவு இருக்கிறது, அதன் தாழ்ப்பாளை நீலக் கயிறு இழுக்கும். நரி சிவப்புக் கயிற்றை இழுத்துவிட்டு மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். முயல் வரும். பிள்ளைகள் தொண்டை கிழிய, "போகாதே, குழி, குழி" என்று கத்தும். முயல் காதருகே கையை வைத்து, "என்ன? கேக்கலையே" என்று பிள்ளைகளையே பார்த்தபடி துணிமேல் நடந்து அந்தப் பக்கம் போய்விடும். ஒன்றும் ஆகாது. நரி தலையைச் சொறியும். இரண்டாம் தடவையும் சிவப்பு, இரண்டாம் தடவையும் ஒன்றும் ஆகாது. மூன்றாம் தடவை நரிக்கு ஆத்திரம் தலைக்கேறி, நீலக் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டே தானே துணிமேல் ஏறிக் குதிக்கும். குதித்ததும் உள்ளே போய்விடும். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும்.

மேடைக்குக் கீழே ஒன்றரை ஆள் ஆழம், அடியில் சிமெண்டுத் தரை. ஒரு மேஜை போட்டு, அதன்மேல் இரட்டை மெத்தை போட்டிருப்போம். இந்த மூன்று வருஷமாக நரியாக விழுகிறவள் நான் என்பதால் மெத்தை போடுகிறவளும் நானே. என் இடுப்பை நான் வேறு யார் கையிலும் ஒப்படைத்ததில்லை.

இந்த நாடகத்தின் உயிர் முயலின் நடையில்தான் இருக்கிறது. எங்களுக்குள் அதைச் செவிட்டு நடை என்போம். முகம் முழுக்கப் பிள்ளைகள் பக்கம், கால் குழிப் பக்கம். கீழே பார்க்கவே கூடாது. பிள்ளைகள் சொன்னது காதில் விழுந்துவிட்டது என்று கண்ணிமையில் தெரிந்தால்கூட விளையாட்டுச் செத்துப்போகும். தங்களுக்குத் தெரிந்தது ஒரு பெரியவளுக்குத் தெரியவில்லை என்பதுதானே அவர்களுடைய சந்தோஷம். பதினேழு வருஷம் அந்த நடையை நான் நடந்தேன். முயலின் காது இரண்டும் நான் கையால் தைத்தவை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் அண்ணன், "உனக்கு முட்டி வலி இருக்கு இல்ல, இனிமே நீ துள்ள வேண்டாம்மா. நரி போட்டுக்க, அதுக்குத் துள்ளல் கிடையாது" என்றான். முட்டி வலிக்கிறவள் ஒன்றரை ஆள் ஆழத்தில் விழலாம், துள்ளத்தான் கூடாது. காதுகளைக் கழற்றி நானே அண்ணி தலையில் வைத்துக் கட்டிவிட்டேன்.

அவளுக்குச் செவிட்டு நடை வரவே இல்லை. டீச்சராக இருந்தவள் இல்லையா, ஏதாவது ஒரு பிள்ளை குரல் கொடுத்தால் சட்டென்று திரும்பிவிடுவாள். "பிள்ளை கூப்பிடுதுக்கா, எப்படித் திரும்பாம இருக்கிறது?" என்று என்னிடமே கேட்டாள். அண்ணன் என்னிடம் ஒப்படைத்தான். காலி அரங்கில் ஒரு மாதம் பழக்கினேன். அவள் மேடையில் நடப்பாள், நான் முதல் வரிசையில் உட்கார்ந்து வாய்க்கு வந்ததெல்லாம் கத்துவேன். தீப்பிடித்துவிட்டது என்பேன். உங்க புருஷன் மாடிப்படியில் உருண்டுட்டார் என்பேன். அண்ணி, நிஜமா, கீழே நிஜமா ஓட்டை இருக்கு என்பேன். முதல் வாரம் ஒவ்வொன்றுக்கும் திடுக்கிட்டு நின்றாள். கடைசி வாரம் என்னைப் பார்த்துக் கண்சிமிட்டிவிட்டு, "என்ன? கேக்கலையே" என்று சிரித்துக்கொண்டே போனாள். அப்போது எனக்கு எந்தக் கெட்ட எண்ணமும் கிடையாது. இதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு வந்த எண்ணத்துக்குப் பெயர் பொறாமை. அந்த வார்த்தையை எழுதலாமா வேண்டாமா என்று உங்கள் பேனா நிற்கிறது, எழுதலாம். காட்சி முடிந்ததும் பிள்ளைகள் காதைத் தொட்டுப் பார்க்க வரிசையில் நிற்கும். நான் தைத்த காது. என்னிடம் ஒன்றும் வராது. ஒருநாள் நானாகக் குனிந்து ஒரு பையனிடம் கையை நீட்டினேன், அவன் அண்ணியின் பின்னால் போய் ஒளிந்துகொண்டு வீறிட்டு அழுதான். பள்ளிக்கூடங்கள் பிள்ளைகள் வரைந்த படங்களை உறையில் போட்டு அனுப்பும். ஓர் உறையில் அறுபத்திரண்டு படம் இருந்தது. அறுபத்திரண்டிலும் முயல். நரி ஒன்பதில்தான், அந்த ஒன்பதிலும் நாலில் வால் மட்டும்.

அதையெல்லாம்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கிவிடலாம். விளக்கைத்தான் தாங்க முடியவில்லை. நான் முதன்முதலாக மேடையேறிய அன்று திரையை விட்டு வெளியே வரமாட்டேன் என்றேன். அண்ணன், "நீ நல்லா செஞ்சா கடைசியில விளக்கை ரெண்டு தடவை சிமிட்டறேன், பாத்துக்க" என்றான். நாங்கள் வணங்கி நிற்கும்போது, எதிரே மேலே இருக்கிற விளக்கறையிலிருந்து சிமிட்டினான். பதினேழு வருஷம் ஒரு காட்சி தவறாமல் சிமிட்டினான். காது அண்ணி தலைக்குப் போன அன்றே விளக்கும் அவள்மேல் போயிற்று. எனக்கு மனசு கேட்கவில்லை. வாய்விட்டே கேட்டேன்.

"அது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருந்தது இல்லையாண்ணா?"

"எது, லைட்டா? அது என்னவோ கைப்பழக்கம்மா."

பொய் சொல்லவில்லை. அவனுக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை. என் வாழ்க்கையில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான், கொடுத்தவனுக்கே அது தெரியாது.

அண்ணி கெட்டவள் இல்லை. அப்படி இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். போன மாதம் என் ஒப்பனைக் கண்ணாடியில் ஒரு படம் ஒட்டியிருந்தது. சிவப்புக் கிரேயானில் ஒரு நரி, கீழே கோணல்மாணலாக, எனக்கு நரியக்காவைத்தான் பிடிக்கும் என்று எழுத்து. நாலு நாள் நான் தரையில் நடக்கவில்லை. வாசல் காவலாளியைக்கூடக் கூப்பிட்டுக் காட்டினேன். "பாத்தீங்களா, ஒரு வாண்டு என்ன பண்ணியிருக்கு?" என்றேன். அவரும் நாலு வார்த்தை நல்லதாகச் சொன்னார். ஐந்தாம் நாள் ஊக்கு எடுக்க அண்ணியின் பையைத் திறந்தேன். அதே நரி இன்னும் மூன்று தாளில் இருந்தது. ஒன்றில் வால் சரியாக வரவில்லை, ஒன்றில் எழுத்து ரொம்ப நேராக வந்துவிட்டது. இடது கையால் எழுதிப் பழகியிருக்கிறாள். நல்ல மனசு, பாவம். அவள் மட்டும் என்னை ஒரு வார்த்தை கடுமையாகப் பேசியிருந்தால் நாங்கள் இரண்டு பேரும் இந்நேரம் ஒன்றரை மணிக் காட்சிக்குத் தயாராகிக்கொண்டிருப்போம்.

தாள்களை மடிப்புக் கலையாமல் திரும்ப வைத்தேன். மறுநாள் காலை மெத்தைகளைத் தூக்கிப்போய் மொட்டைமாடியில் காயப்போட்டேன். மெத்தையை வெயிலில் போடுவது நல்ல பழக்கம்தான். மேஜையைச் சுவரோரம் தள்ளிவிட்டு, கீழ்த்தரையைக் கூட்டினேன். ரொம்ப நாளாகக் கூட்டாமல் கிடந்தது.

காட்சிக்கு முன்னால் அண்ணி கேட்டாள்.

"இன்னைக்கு இடுப்பு எப்படி இருக்குக்கா? மெத்தை போட்டாச்சா?"

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன் அண்ணி. நீங்க இப்படித் திரும்புங்க" என்று காதுகளை நான்தான் கட்டிவிட்டேன். முடிச்சு கழுத்தில் உறுத்தாமல் பார்த்துக் கட்டினேன்.

முதல் தடவை சிவப்பை இழுத்தேன். வழக்கம்போல நடந்தது. இரண்டாம் தடவை நீலத்தை இழுத்தேன். கதவு சத்தமில்லாமல் உள்பக்கமாகத் தொங்கியது, துணி நடுவில் தொய்ந்தது. மாடி வரிசையில் இருந்த பிள்ளைகளுக்கு ஓரத்தில் இருட்டே தெரிந்திருக்கும். அண்ணி மேடைக்கு வந்தாள்.

சத்தம் மாறியது. இருபது வருஷம் கேட்ட காதுக்கு அந்த வித்தியாசம் தெரியும். விளையாட்டுக்குக் கத்துகிற பிள்ளை நடுநடுவே சிரிக்கும். அன்றைக்கு ஒன்றும் சிரிக்கவில்லை. "முயலக்கா, நிஜமாவே ஓட்டை இருக்கு. நிஜமா, நிஜமா" என்று இருநூறு குரல். முதல் வரிசையில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சின்னப் பெண் நாற்காலிமேல் ஏறி நின்று, இரண்டு கையையும் ஆட்டி அழுதாள். அண்ணிக்கும் வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். ஒரு நொடி நின்றாள். திரும்பி என்னைப் பார்த்தாள். நான் நரி சிரிப்பதுபோலச் சிரித்தேன், அந்த இடத்தில் அதுதான் என் வேலை. அவள் அந்தப் பெண்ணைப் பார்த்துக் கண்சிமிட்டினாள். காதருகே கையை வைத்தாள்.

"என்ன? கேக்கலையே."

நான் கற்றுக்கொடுத்ததில் அன்றைக்கு நடந்ததுதான் சுத்தமான நடை. ஒரு தரம்கூடக் கீழே பார்க்கவில்லை. அதில் அவளைக் குறை சொல்ல முடியாது.

பின்வரிசை டீச்சர் ஒருவர் கைதட்டினார். அண்ணன் விளக்கை அணைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

பிள்ளைகள் அப்போதே சொல்லிவிட்டன. நரிதான் கயிறை இழுத்துச்சு, நரி வேணும்னே பண்ணுச்சு என்று அழுதுகொண்டே எல்லாரிடமும் சொல்லின. "ஆமாண்டா கண்ணு, கதையில நரி அப்படித்தான் பண்ணும். அது நாடகம்டா" என்று டீச்சர்கள் முதுகைத் தடவிப் பேருந்தில் ஏற்றினார்கள். நான் நரி வேஷத்திலேயே வாசலில் நின்று கையசைத்தேன். இருநூற்றுப் பதினான்கு பேர், நேரில் பார்த்த சாட்சி. உங்கள் ஸ்டேஷன் ஆட்களும்தான் வந்தார்கள். ஒரு பிள்ளையைக்கூடக் கேட்கவில்லை. தாழ்ப்பாள் தேய்ந்துபோய்த் தானாகக் கழன்றது, மெத்தை அன்றைக்கென்று வெயிலில் இருந்தது என்று எழுதிக்கொண்டு போனார்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம் மேடம், அவர்களும் நடந்தது செவிட்டு நடைதான்.

அண்ணி மூன்றாம் நாள் காலையில் போய்விட்டாள். ஆஸ்பத்திரியில் அண்ணனுக்கு பிளாஸ்கில் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். அவன் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. பத்து நாள் பொறுத்து முயல் காதுகளைத் துவைத்துக் காயவைத்து, தலையில் வைத்துப் பார்த்தேன். அளவு மாறவில்லை. அண்ணன் எப்போது விளக்கறைக்கு ஏறி வருவான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் என்னோடு பேசுவதே இல்லை. துக்கம், சரியாகிவிடும்.

அன்றைக்கு வந்திருந்த பள்ளிக்கூடம் படம் அனுப்பியது எனக்குத் தெரியாது. நீங்கள் இந்த மேஜைமேல் பரப்பியபோதுதான் பார்க்கிறேன். எல்லாப் படத்திலும் நரியின் கையில் நீலக் கயிறு இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டினீர்கள். நீலம் மூன்றாம் தடவைக்கு உள்ளது, அன்றைக்கு மூன்றாம் தடவை வரவே இல்லையே என்றீர்கள். உண்மைதான். பெரியவர்களுக்குக் கயிறு என்றால் கயிறு. பிள்ளைகள் நிறத்தில் தப்பு விடமாட்டார்கள். அந்தக் கயிற்றை இழுத்தவள் நான்தான். கீழே மெத்தை இல்லை என்று தெரிந்து இழுத்தேன். யார் கத்தினாலும் அவள் நிற்க மாட்டாள் என்று தெரிந்து இழுத்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ சொல்லுங்கள், போடுகிறேன்.

ஆனால் நீங்கள் கயிற்றை மட்டுமே பார்க்கிறீர்கள். கொஞ்சம் எண்ணியும் பாருங்கள். நாற்பத்தொரு படம், நாற்பத்தொன்றிலும் நரி. வால் மட்டும் இல்லை, தாள் நிறைய முழு நரி. கண்ணை எவ்வளவு பெரிதாகப் போட்டிருக்கிறார்கள், பல்லை ஒவ்வொன்றாக எண்ணி வைத்திருக்கிறார்கள். இதோ இதில் கறுப்புக் கிரேயானை அழுத்தி அழுத்தித் தாளே கிழிந்துவிட்டது, அவ்வளவு ஆசை. முயல் ஒன்றில்கூட இல்லை. உறையின் ஓரத்தைக் கத்தரியால் நேராக வெட்டியிருப்பது அண்ணன் கை, நீங்கள் சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும். அவன் கொண்டுவந்து கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்க வேண்டும். இவற்றை உங்களிடம் கொடுக்கும்போது, நரி நன்றாக வந்திருக்கிறது என்று ஏதாவது சொன்னானா?