சிட்டம்மாளின் ஏழு நாள் கூலி

முந்நூற்றைம்பது ரூபாய். வேதாசலம் சிட்டம்மாளுக்குத் தர வேண்டியிருந்த பாக்கி அவ்வளவுதான்.

வேதாசலம் வேறு யாருமில்லை, நம்மோடு நெல் மண்டியில் மூட்டை தூக்குகிற ஏகாம்பரத்தின் சித்தப்பா மகன். ஏகாம்பரம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நெருங்கி உட்காருங்கள்... சத்தமாகச் சொல்கிற கதை இல்லை இது.

இரண்டாயிரத்து இரண்டு, மார்கழி. விடியற்காலை ஐந்து மணி. உத்திரமேரூர் ஏரிக்கரைச் சாலை. கையை நீட்டினால் கை தெரியாத பனி. சைக்கிளில் தனியாகப் போகிறான் வேதாசலம். சிட்டம்மாள் செத்துவிட்டாள் என்று சேதி. இவனுக்குத் துக்கம் இல்லை. உள்ளுக்குள் சந்தோஷம்.

ஏனென்றால் எந்தெந்த மதத்தில் சாவுக்கு என்னென்ன சடங்கு என்று அவன் ஆராய்ச்சி எழுதிக்கொண்டிருந்தான். பகலெல்லாம் காஞ்சிபுரத்து நூலகம். சாயங்காலம் பஸ் நிலையத்துக்கு எதிரே பிரவுசிங் சென்டர், கம்ப்யூட்டர் முன்னால். எல்லாம் கிடைத்தது. ஏரிக்கரை இருளர் சாவு மட்டும் சிக்கவில்லை. ஒரு புத்தகம் சொன்னதை இன்னொரு புத்தகம் இல்லை என்றது. இன்டர்நெட்டில் மூன்றாவதாக ஒன்று கிடந்தது. "நேரில் பார்த்து எழுது. தை மாதத்துக்குள் அந்த அத்தியாயம் வரவில்லை என்றால் பட்டத்தை மறந்துவிடு" என்றார் பேராசிரியர்.

அதற்காகத்தான் ஐப்பசியில் சிட்டம்மாளைப் பிடித்தான். இருளர் பெண். அறுப்பு முடிந்த வயலில் எலி வளையைத் தோண்டி, எலி சேர்த்து வைத்த நெல்லை எடுத்துக் குத்திச் சோறாக்குகிறவள். நடவுக் கூலி நாளுக்கு ஐம்பது. அதை நான் தருகிறேன், உட்கார்ந்து சொல் என்றான். ஏழு நாள் நடவுக்குப் போகாமல் உட்கார்ந்து சொன்னாள்.

"கூலி, சார்?"

"பணம் வரட்டும் சிட்டம்மா. உன் பேரு புஸ்தகத்துல வரப் போவுது. அது பத்தாதா?"

"பேரை உலையில போட்டா வேவுமா சார்?"

சிரித்தான். அதையும் எழுதிக்கொண்டான்.

கார்த்திகையில் அவளுக்குக் காய்ச்சல். மகள் கனகா பிரவுசிங் சென்டர் வாசலில் வந்து நின்றாள். ஊசி போட ஐம்பது ரூபாய் கேட்டாள். இவன் திரையிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. "நாளைக்கு வா" என்றான். மறுநாளும் அதையே சொன்னான்.

இப்போது அந்த மார்கழிப் பனியில் அவள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தான். ஓலைக் குடிசை வாசலில் பிணம். மண்ணெண்ணெய்ப் புகை... ஈர மண் வாசனை. மகன் கன்னியப்பன் முறத்தில் அரிசியோடு நின்றான். எலி வளை நெல்லைக் குத்திய அரிசி. அவர்கள் வாய்க்கரிசி அதுதான்.

"அம்மாவுக்குத் தர வேண்டியது யார்கிட்டயாவது கீதா? இருந்தா இங்க வெச்சிட்டு அரிசியத் தொடுங்க. கடன்காரன் போட்ற அரிசிய செத்தவ முழுங்க மாட்டா."

ஒருவர் பத்து ரூபாய் வைத்தார். ஒருத்தி இரவல் வாங்கிய சல்லடையைக் கொண்டுவந்து வைத்தாள். வேதாசலத்துக்குக் கை பரபரத்தது. இது எந்தப் புத்தகத்திலும் இல்லை, எந்த இணையதளத்திலும் இல்லை! அந்த அரிசியைத் தானே போட்டுப் பார்த்து எழுதிவிட வேண்டும். சட்டைப் பையில் ஐந்நூறு ரூபாய்த் தாள் ஒன்று இருந்தது. டைப்படிக்க வைத்திருந்த காசு.

கனகா அவன் முகத்தையே பார்த்தாள். "சார்... நீ?"

"அம்மாகிட்டயே குடுத்துட்டேனே."

கன்னியப்பன் முறத்தை நீட்டினான். "செத்தவ எழுந்து இல்லன்னா சொல்லப் போறா? போடு சார்."

போட்டான். வாயில் விழுந்த அரிசி... மெல்ல வெளியே வந்தது. உள்ளிருந்து நாக்கு தள்ளியதுபோல. அவன் மட்டும்தான் பார்த்தான். கட்டை விரலை வைத்து அழுத்தி உள்ளே திணித்தான்.

அடுத்த வாரம், நூலகத்தில் நடுப்பகல். மின்விசிறிச் சத்தம் தவிர ஒன்றும் இல்லை. அந்த அத்தியாயத்தைத்தான் எழுதிக்கொண்டிருந்தான். நறுக்... பல்லில் ஏதோ கடிபட்டது. துப்பினான். ஒரு பச்சரிசி. எலி மூத்திர வாடை.

வீட்டுக்கு வந்தான். அம்மா புஷ்பா ஆவி பறக்கச் சோறு போட்டாள். வாயில் வைத்ததும் நறுக்... நறுக்... வெந்த சோறு வாய்க்குள் வேகாத அரிசியாகக் கிடந்தது. இட்லியைப் பிட்டு வைத்தான். அரிசி. கஞ்சியைக் குடித்தான். தொண்டையில் அரிசி. பத்து நாளில் கன்னம் ஒட்டிப்போனது.

மறுபடியும் நூலகம், மறுபடியும் பிரவுசிங் சென்டர். செத்தவருக்குப் பட்ட கடனை எப்படித் தீர்ப்பது? ஒரு மதம் எள் இறைக்கச் சொன்னது. ஒன்று தானம் கொடுக்கச் சொன்னது. ஒன்று மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கச் சொன்னது. எல்லாவற்றையும் செய்தான். அரிசி போகவில்லை.

கடைசியில் அந்த ஐந்நூறு ரூபாயை எடுத்துக்கொண்டு கன்னியப்பன் காலில் விழாத குறையாகப் போய் நின்றான். கன்னியப்பன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"நான் வாங்க மாட்டேன் சார். ஊரு முன்னால குடுத்துட்டேன்னு சொன்ன. இப்ப வாங்கினா நாங்க ரெண்டு தபா வாங்கின மாதிரி ஆயிடும்."

"பொய் சொல்லிட்டேன் கன்னியப்பா... சோறு எறங்கல."

கனகா அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள். "எங்கம்மாவுக்கும்தான் கடைசில சோறு எறங்கல. அவகிட்டயே குடுத்தேன்னு சொன்ன இல்ல? அவகிட்டயே போய்க் குடு."

பொழுது சாய்கிற நேரம். ஏரிக்கரையோரம் அவளைப் புதைத்த மேடு. மேட்டின் பக்கவாட்டில் புதிதாக ஒரு எலி வளை... வாயில் ஈர மண் தள்ளியிருந்தது. வேதாசலம் குப்புறப் படுத்தான். தாளைச் சுருட்டி, கையை முழங்கை வரை உள்ளே விட்டான்.

உள்ளே விரல்கள் இருந்தன.

சேற்றில் ஊறி வெடித்த விரல்கள். நாற்று நடுகிறவள் விரல். தாளை அவன் கையிலிருந்து பதமாக வாங்கிக்கொண்டன. மண்ணுக்குள்ளிருந்து குரல்.

"எங்கிட்ட சில்லறை இல்லியே சார்."

இவன் கையை இழுக்கிறான்... வரவில்லை.

"நூத்தம்பது ரூபா உன்னுது அதிகமா கீது. ஓசிக் காசு எனக்கு வாணாம். மூணு நாளு கூலிக்கு வந்து சொல்றேன். சாவு சமாச்சாரம் கேட்டியே... அப்ப எனக்கு இன்னா தெரியும்? இப்பதான் தெரியும்."

கையை விட்டது.

அன்று இரவு வயிறாரச் சாப்பிட்டான். சோறு சோறாகவே இருந்தது. புஷ்பா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் நெல் மூட்டை அடுக்கியிருந்த உள்ளறைக்கு எழுதப் போனான். பின்னாலேயே கதவு சாத்திக்கொண்டது.

தட்டினார்கள், கடப்பாரை போட்டு நெம்பினார்கள். கதவு அசையவில்லை. உள்ளே ஒரு பெண் குரல். வார்த்தை புரியவில்லை. நிறுத்தாமல், அவசரப்படாமல் பேசிக்கொண்டேயிருந்தது. நடுநடுவே வேதாசலம் "ம்... ம்..." என்றான். முதல் நாள் ராத்திரி, "போதும், போதும்" என்று கத்தினான். குரல் நிற்கவில்லை. இரண்டாம் நாள் மூட்டையைக் கிழிக்கிற சத்தம், நெல் சரிகிற சத்தம். அதன் பிறகு "ம்" மட்டும்தான்.

மூன்றாம் நாள், நடவு ஆட்கள் கரையேறுகிற நேரம். கதவுக்கு அந்தப் பக்கம், புஷ்பாவின் காதோரம், குரல் தெளிவாகக் கேட்டது.

"கூலிக் கணக்கு நேராயிடுச்சிம்மா. பாக்கி இல்ல. உன் புள்ளைய இட்டுக்கினு போ."

கதவு தானாகத் திறந்தது. கிழிந்த மூட்டைக்குப் பக்கத்தில் வேதாசலம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். எதிரே யாரும் இல்லை. தலையை ஆட்டி ஆட்டி "ம்... ம்..." என்றுகொண்டிருந்தான். புஷ்பா ஓடிப்போய் அவன் முகத்தைத் திருப்பினாள்.

கேட்காமலிருக்க இரண்டு காதிலும் நெல்லைத் திணித்து, ரத்தம் வருகிற வரைக்கும் விரலால் இடித்திருக்கிறான். அந்த ஈரத்தில் நெல் முளை விட்டிருந்தது. வெளியே வெள்ளையாக நீட்டிக்கொண்டிருந்தது முளைதான்... வேர் உள்பக்கம் போயிருந்தது.