சார் கம்ப்யூட்டர் மட்டும் ஓடுது

— தம்பி, நீங்க பிடிச்சு வச்சிருக்கிறது திருடனை இல்லப்பா. எங்க தராசை! கவுன்டர்ல பார்சல் நிறுக்கிற தராசு!

— உங்க பொறுமைக்கு நன்றி மேடம். உங்க கம்ப்யூட்டருங்களைக் காக்கிற எங்க காவல் மென்பொருள் அதைச் சந்தேகப்பட்டுப் பூட்டியிருக்கு மேடம்.

— லேபிள் பிரிண்டர்?

— அது மேலயும் சந்தேகம்தான் மேடம்.

— நல்லா இருக்கு போ! ஒரு அம்மா தையல் மிஷினை இடுப்புல வச்சுக்கிட்டு நிக்கிறாங்க, பிள்ளையைத் தூக்கி வச்சிருக்கிற மாதிரி. நெட்வொர்க் பாத்துக்கிறவ நான்தானே, எல்லாரும் என்னைத்தான் மொய்க்கிறாங்க.

— ஏம்மா, இன்னும் முடியலையா?

— வாங்க சார். காவல் கம்பெனித் தம்பிதான் போன்ல. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்.

— என் கம்ப்யூட்டர் ஜம்முனு ஓடுது. மேனேஜர் எனக்கு ஓடுது, உங்களுக்கு மட்டும் ஓடலையா? சும்மா சாக்குச் சொல்லாதே. தலைமை ஆபீஸ் பெரியவர் இப்ப வந்துடுவார். உன் வேலையையும் அந்தக் கம்பெனிக்கே கொடுத்துடலாம்னு ஃபைலை நீட்டப் போறேன், புரியுதா?

— சார், இங்க ஓடுற வயரெல்லாம் நான் இழுத்தது சார்!

— என்னுது மட்டும் எப்படி ஓடுது? அதுக்குப் பதில் சொல்லு, ஃபைலை மூடிடுறேன்.

— கேட்டீங்களா தம்பி? என் பொழப்பே இப்ப உங்க கையிலதான்.

— பதறாதீங்க மேடம். உங்க ஆபீஸ்ல எது வழக்கம்னு மென்பொருள் ஒரு வாரம் பாத்துக் கத்துக்கும். அதை மீறி எது நடந்தாலும் பூட்டிடும்.

— எந்த வாரம் பாத்துச்சு?

— போன வாரம் மேடம்.

— போன வாரமா! பெயின்ட் அடிக்கணும்னு ஆபீஸையே மூடியிருந்தோமேப்பா! மெஷினுங்க அதுங்க பாட்டுக்கு ஆன்லயே இருந்துச்சு, தொட ஆள் கிடையாது.

— ஐயையோ. அப்ப சும்மா கிடக்கிறதுதான் வழக்கம்னு கத்துக்கிட்டிருக்கு மேடம்.

— அதான் நாங்க வேலை செய்யறதைப் பாத்து மிரண்டு போச்சா! சிரிக்காதீங்க தம்பி, எனக்கும் சிரிப்பு வருது.

— எங்க தப்புதான் மேடம். போன வாரத்தை அழிச்சுட்டேன். எல்லாத்தையும் திறந்துட்டேன், பாருங்க.

— கேக்குதா? லேபிள் பிரிண்டர் கத்துது! அம்மா, மிஷினைத் தராசுல வைங்கம்மா, இடுப்பு போயிடப் போகுது!

— சரி சரி, கொண்டாட்டம் போதும். என் கேள்வி அப்படியே நிக்குது. என்னுதை மட்டும் ஏன் பூட்டலை?

— அது வந்து சார்... தம்பி, நீங்களே சொல்லிடுங்களேன்.

— சொல்றேன் சார். ஆபீஸ் மூடியிருந்தப்ப உங்க கம்ப்யூட்டர் எப்படி இருந்துச்சோ, இன்னிக்குக் காலையிலயும் அச்சு அசல் அப்படியே இருந்திருக்கு சார். துளி வித்தியாசம் இல்லை. உங்க பொறுமைக்கு நன்றி சார்.

— சார்? பெரியவர் கார் வாசல்ல நிக்குது. காலையில என்ன ஆச்சுன்னு கேட்டா, எல்லாம் முடங்கிச்சு, எங்க சார் கம்ப்யூட்டர் மட்டும்தான் ஓடுச்சுன்னு பெருமையாச் சொல்லிடவா?

— ஃபைலை மூடிட்டேம்மா. தம்பி, அவர் மாடி ஏறி வர்றதுக்குள்ள என்னுதையும் கொஞ்சம் பூட்டி விட்டுடுப்பா!