பெயர் கூற விரும்பாத ஒருவர்

எங்கள் அலுவலக கேன்டீனில் வெங்காய போண்டா நன்றாக இருக்கும், இன்ஸ்பெக்டர் சார். அதைக் காட்டித்தான் புதன்தோறும் மாலையில் நிருபர்களை வகுப்புக்கு உட்கார வைத்தேன். நிர்வாகம் சொல்லிச் செய்ததல்ல. அவர்கள் எழுதுவதைப் படித்துப் படித்து எனக்குக் குமட்டியது. எந்தச் செய்தியும் 'அப்பகுதியில் பரபரப்பு நிலவியது' என்றுதான் முடியும். உதவி ஆசிரியர் என்ற பெயரில் தினமும் அந்த எச்சிலைத் துடைத்துக்கொண்டிருந்தவன் நான்.

ஹர்ஷிணி கெட்டிக்காரப் பெண். தொண்டாமுத்தூரில் யானை ஒன்று மின்வேலியில் அடிபட்டுச் செத்த செய்தியை அவள்தான் கொண்டுவந்தாள். தோட்டத்து முதலாளி மின்கம்பியில் கொக்கி போட்டு வேலிக்குக் கரண்ட் எடுத்ததைப் பார்த்த சாட்சியையும் பிடித்துவிட்டாள். ஆனால் எழுதியிருந்தது, 'பெயர் கூற விரும்பாத ஒருவர் தெரிவித்தார்.' சாப்பிடும் சோற்றில் மயிர் கிடந்தது போல இருந்தது எனக்கு.

வகுப்பில் எல்லோர் முன்பும் கேட்டேன், யாரம்மா அந்த ஒருவர் என்று.

"பாவாத்தாள்னு பேருங்க சார். அந்தத் தோட்டத்துச் சாளையிலயேதான் குடியிருக்காங்க. வகுப்புங்கறதால சொல்றேனுங்க. பேரு வெளிய வந்தா கொன்னுபோடுவாங்க."

"பயிற்சிக்குத்தான் அம்மணி," என்றேன்.

பலகையில் முதல் வரியை மாற்றி எழுதினேன்: 'யானை விழுந்த சத்தம் கேட்டுப் பாவாத்தாள் ஓடி வந்தபோது, முதலாளி கொக்கியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.' தின்றுகொண்டிருந்தவர்கள் போண்டாவைக் கீழே வைத்தார்கள். ஹர்ஷிணியே, "நல்லாருக்குதுங்க சார்," என்றாள். பிறகு எழுந்து போய்ப் பலகையை அழித்தாள்.

அன்று மாவட்டப் பக்கம் என் பொறுப்பு. அவள் எழுதியதை எடுத்துவிட்டு என் வரியைப் போட்டேன். கை தவறிப் போடவில்லை. அவள் சொன்னது நன்றாகவே ஞாபகம் இருந்தது. நல்ல வரியை வீணாக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

பாவாத்தாளைத் தோட்டத்துக் கிணற்றிலிருந்து எடுத்தார்கள். தள்ளிய முதலாளி உங்கள் லாக்கப்பில் இருக்கிறார். அந்தம்மாவின் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை.

அந்தச் செய்தியையும் ஹர்ஷிணிதான் எழுதி அனுப்பினாள். பரபரப்பு இல்லை, புலம்பல் இல்லை. காப்பாற்ற வேண்டிய பெயரைத் தெரிந்தே அச்சில் ஏற்றியவர் யார் என்று, என் பெயரையும் பதவியையும் இரண்டாவது வரியிலேயே சொல்லியிருந்தாள். படிக்கப் பெருமையாக இருந்தது. என் வகுப்பு வீண்போகவில்லை.

அன்றும் பக்கம் என்னிடம்தான் வந்தது. அவள் எழுதியதில் வேறெதையும் நான் தொடவில்லை. என் பெயரை மட்டும் எடுத்துவிட்டு, 'பெயர் கூற விரும்பாத ஒருவர்' என்று போட்டேன். அந்த இடத்தில் வாசிக்க அதுதான் நன்றாக இருந்தது.