மஞ்சள் கவுன் வீடியோ

— அழிக்கணுமா? மாவட்ட ஆபீஸ்ல கை தட்டு வாங்கின வீடியோவ அழிக்கச் சொல்றீங்களா டீச்சர்?

— மெதுவா பேசுங்க மேடம், புள்ளைங்க இப்ப தான் தூங்குச்சு. ஆமாங்க. வெசாயக் கெழமைக்கு மின்ன அழிச்சிட்டீங்கன்னா நல்லாருக்கும். என் போன்ல நான் அழிச்சிட்டேன். அங்கன்வாடி ஆப்புக்குள்ள போய்ட்டத நாங்க தொட முடியாதாமே. சூப்பர்வைசர் லாகின்ல தான் அழியும்னாங்க.

— யாரு சொன்னது?

— பக்கத்து சென்டர் கலைப்பிரியா டீச்சருங்க. அவங்க ஒரு வாட்டி வூட்டு வளைகாப்ப ஏத்திட்டாங்களாம்.

— அத ஞாபகப்படுத்தாதீங்க. ஏழு நிமிஷம் வளையல் சத்தம். நான் தான் அழிச்சேன். அது தப்பு வீடியோ, ஓகே. இது என் சர்க்கிள்ல இருந்து மொத மொதல்ல செலக்ட் ஆன வீடியோ. வியாழக்கிழமை விழுப்புரத்துல முந்நூறு டீச்சருங்களுக்குப் போட்டுக் காட்டப் போறாங்க. நான் மேடையில நின்னு விளக்கம் சொல்லணும். இதப் போய் எதுக்கு அழிக்கணும்?

— செவுத்துல காரை பேந்து கீதுங்க. அது அப்டியே தெரியுது.

— செவுத்த யாரும் பாக்கல.

— புள்ளைக்கு வேற மூக்கு ஒழுகினு இருந்துச்சு.

— நாலு வயசுல ஒழுகாம அறுபது வயசுலயா ஒழுகும்? காரணத்தச் சொல்லுங்க டீச்சர். திண்டிவனத்துல இருந்து வண்டிய ஓட்டிக்கிட்டு நேர்ல வந்து பாராட்டிட்டுப் போலாம்னு வந்திருக்கேன். நீங்க அழுவுற மாதிரி நிக்கிறீங்க.

— அழுவலீங்க. அடுப்புப் பொகை.

— இங்க கேஸ் அடுப்பு தானே?

— ஆமாங்க.

— உக்காருங்க மொதல்ல. நான் சொன்னபடி தானே எடுத்தீங்க? அரை மணி நேரம், புள்ளைங்களே முடிவு பண்ற நேரம். என்ன வெளாடணும், யாரு கூட வெளாடணும், எல்லாம் அதுங்க இஷ்டம். நீங்க வாயத் தொறக்கக் கூடாது, கைய நீட்டக் கூடாது. போன் மட்டும் பாத்துக்கிட்டு இருக்கணும்.

— அப்டி தாங்க எடுத்தேன். நான் அங்க இல்லவே இல்ல. ஆயா சின்னபொண்ணு அன்னிக்கி லீவுங்க, அதோட நாத்தனாருக்குப் பெரிய காரியம். முட்ட நான் தான் அவிக்கணும். போன எடை மெஷின் மேல சாத்தி வெச்சிட்டு சமையக்கட்டுக்குப் போய்ட்டேன்.

— அப்புறம் பாக்காமயே ஏத்திட்டீங்களா?

— இங்க டவரே எடுக்காதுங்க மேடம். சாயங்காலம் கூட்டேரிப்பட்டு போயி, ஜூஸ் கடை ஓரமா நின்னுக்கினு, ஒரு வாரத்து வீடியோவ மொத்தமா அமுக்கி வுட்ருவேன். பஸ்ஸு வர்றதுக்குள்ள அது போயாகணும். இந்தப் பேஜாருல எங்க ஒண்ணொண்ணா பாக்கறது? நீங்க வாட்ஸப்ல அனுப்புன பெறகு தான் நானே பாத்தேன்.

— நான் பதினோரு தடவ பாத்தேன். அந்த மஞ்சக் கவுன் போட்ட பொண்ணு இருக்காளே, என்ன அழகு! எட்டு புள்ளைங்கள வரிசையா உக்கார வெக்கறா. பாட்டில் மூடிய ஆளுக்கொண்ணு தட்டு மாதிரி வெக்கறா. மல்லாட்டக் கடலத் தோல அள்ளி அள்ளிப் போடறா, அது சோறாம். அலமாரியில இருந்து டம்ளர எடுத்தாந்து, காலி பாட்டிலச் சாச்சி தண்ணி ஊத்தற மாதிரி காட்டறா. ஒரு பையன் எழுந்து ஓடறான், புடிச்சி காதத் திருகி உக்கார வெக்கறா.

— நான் காதெல்லாம் திருக மாட்டேங்க மேடம்.

— தெரியுது, தெரியுது. கேளுங்க. எல்லாருக்கும் ஊத்தி முடிச்சாச்சு. பக்கத்துல இருந்த குட்டி ஒண்ணு, "நீயும் குடி"ன்னு தன் டம்ளர நீட்டுது. இவ வாங்கல. மரக்கட்டய நவுத்திப் போட்டு, அதும்மேல ஏறி, ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் கைய வுட்டு ஒரு டம்ளர எடுக்கறா. கேன் பைப்புல புடிச்சி குடிக்கறா. நெஜத் தண்ணி! அவ்ளோ ஒன்றிப் போய் நடிக்கறா. குடிச்சிட்டு அலசி, மறுபடி ஜன்னலுக்கு வெளிய கவுத்து வெச்சிட்டு வர்றா. ஆபீஸர் மேடம் அந்த எடத்த நிறுத்தி நிறுத்திக் காட்டுனாங்க. எல்லாருக்கும் குடுத்துட்டு கடைசியா குடிக்குது, தன் பாத்திரத்தத் தானே அலசி வெக்குது, டீச்சர் சொல்லித் தராத ஒண்ண ஒரு புள்ள தானா கத்துக்கிச்சுன்னா அது தான் இந்தத் திட்டத்துக்கே வெற்றின்னாங்க.

— அந்த எடத்த மட்டும் வெட்டிட்டு மீதியப் போட முடியாதுங்களா மேடம்?

— எந்த எடத்த?

— ஜன்னல் வர்றத.

— அந்த எடத்துக்காகத் தானே செலக்டே பண்ணாங்க!

— அப்பன்னா மொத்தமா அழிச்சிடுங்க.

— டீச்சர், எனக்கு இன்னும் ரெண்டு சென்டர் பாக்கி இருக்கு. ஜன்னல்ல அப்படி என்ன இருக்கு?

— டம்ளருங்க.

— அதான் தெரியுதே, இப்பவும் இருக்கு. போன விசிட்லயும் பாத்தேன். பேனா போட்டு வெக்கறீங்கன்னு நெனச்சேன்.

— பேனாவ யாராச்சும் வெளிப்பக்கமா வெப்பாங்களா மேடம்?

— அப்ப யாருது அது?

— என்துங்க.

— உள்ள அலமாரியில இருபது டம்ளர் இருக்கு. நான் தான் சப்ளை பண்ணேன்.

— அது புள்ளைங்களுக்குங்க.

— டீச்சர் குடிச்சா தேஞ்சிடுமா?

— தேயாதுங்க. நான் காலனிங்க மேடம்.

— அது எனக்குத் தெரியும். ஓகே. யாரு வெளிய வெக்கச் சொன்னது? பேரச் சொல்லுங்க, இப்பவே எழுதிக்கறேன். சின்னபொண்ணா?

— அய்யய்யோ, அது பாவம்ங்க. அது எனக்குக் காப்பி போட்டா அலமாரி டம்ளர்ல தான் தரும். நான் தான் என்துல மாத்தி ஊத்திக்குவேன். அதுக்கு என் மேல கோவம் கூட உண்டு.

— ஊர்க்காரங்க யாராவது?

— யாரும் சொல்லலீங்க மேடம்.

— யாரும் சொல்லாம ஒரு மனுஷி தன் டம்ளரக் கொண்டு போய் ஜன்னலுக்கு வெளிய வெப்பாளா?

— பதினோரு வருசம் மின்ன, வேலைக்குச் சேந்த மொத வாரம். தாகமா இருந்துச்சு, அலமாரி டம்ளர்ல தண்ணி குடிச்சினு இருந்தேன். பேரன வுட வந்த பச்சைமுத்து ஐயா வாசல்ல நின்னுக்கினு பாத்தாரு. ஒண்ணுமே சொல்லல. பாத்தாரு, அவ்ளோ தான். மறுநா பேரனுக்கு ஜொரம்னு அனுப்பல. அதுக்கு அடுத்த நாளும் அனுப்பல. மூணாவது நாளு இன்னும் நாலு வூட்டுப் புள்ளைங்க வரல. நாலாவது நாளு நான் வூட்லருந்து டம்ளரு எடுத்தாந்து அங்க வெச்சேன். அஞ்சாவது நாளு எல்லா புள்ளைக்கும் ஜொரம் வுட்டுடுச்சு.

— அப்பவே எனக்கு எழுதிக் குடுத்திருக்கணும்.

— நீங்க அப்ப காலேஜ் படிச்சினு இருந்திருப்பீங்க மேடம்.

— சரி, எனக்கு மின்ன இருந்தவங்க கிட்ட. இப்பவாவது குடுங்க. ஆக்ஷன் எடுக்கறேன்.

— யாரு மேலங்க? பச்சைமுத்து ஐயா செத்து ஆறு வருசம் ஆச்சு. நல்லா தான் பேசுவாரு எங்கிட்ட. பொங்கலுக்குப் பரங்கிக்கா குடுத்தனுப்புவாரு.

— அவரும் போயிட்டாரு, ஒருத்தரும் சொல்லல. அப்புறம் எதுக்கு இன்னும் அது அங்கயே இருக்கு?

— எடுத்து உள்ள வெக்கற அன்னிக்கி யாராச்சும் பாப்பாங்களேங்க. பதினாலு புள்ளைங்க வருது. அதுல எட்டு ஊர்ப் பக்கம். எட்டும் நின்னுடுச்சுன்னா இந்த சென்டர வேற சென்டரோட சேத்துடுவாங்க. மீதி ஆறு காலனிப் புள்ளையும் ரோட்டத் தாண்டிப் போவணும்.

— எங்க வீட்டுக் கொல்லையிலயும் ஒரு டம்ளர் இருந்துச்சு. மல்லாட்ட புடுங்க வர்றவங்களுக்கு. பூவரச மரத்துல ஆணி அடிச்சி மாட்டியிருப்பாங்க. நான் அத ரொம்ப நாள் மரத்தோட டம்ளர்னே நெனச்சிக்கிட்டு இருந்தேன். சரி, அது எதுக்கு இப்ப.

— அதாங்க மேடம். வெசாயக் கெழம முந்நூறு பேரு பெரிய தெரையில பாப்பாங்க. எத்தினியோ பேருக்கு என்னாட்டம் எங்கயாச்சும் ஒரு டம்ளரு இருக்கும். அவங்களுக்குப் பாத்த ஒடனே வெளங்கிடும். மீதிப் பேரு கை தட்டுவாங்க. ரெண்டையும் ஒக்காந்து பாக்க என்னால முடியாதுங்க. எனக்கு வெக்கமா கீது.

— வெக்கப்பட வேண்டியது நீங்க இல்ல டீச்சர்.

— அது எனக்கும் தெரியும்ங்க. தெரிஞ்சாலும் வெக்கமா தான் இருக்குது.

— நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க. வீடியோவ அழிச்சா ஆபீஸ்ல ஏன்னு கேப்பாங்க, நான் பதில் சொல்லணும், அப்ப இந்தக் கத பூரா வெளிய வரும். அது இன்னும் மோசம். அதுக்குப் பதிலா, டம்ளர இன்னிக்கே உள்ள எடுத்து வைங்க. நான் இருக்கும்போதே வைங்க. எவனாவது வந்து பாக்கட்டும், சூப்பர்வைசர் உத்தரவுன்னு சொல்லுங்க. ஓகேவா?

— வீடியோ?

— வீடியோ ஓடட்டும். யாரு டம்ளர்னு யாரும் கேக்க மாட்டாங்க. மேடையில நான் சொல்லிடறேன், "பாருங்க, புள்ள டீச்சர அப்படியே காப்பி அடிக்குது"ன்னு. எல்லாரும் சிரிப்பாங்க, முடிஞ்சிடும். எங்க வீட்ல என் பொண்ணு என் ஹேண்ட்பேக்க மாட்டிக்கிட்டு, "ரெஜிஸ்டர் எங்க, ரெஜிஸ்டர் எங்க"ன்னு அவங்க அப்பாவ மிரட்டறா. நான் பேக்க மாத்துனா அவளும் புதுசத் தான் மாட்டுவா. அதே தான் இதுவும். நீங்க டம்ளர மாத்துங்க, டீச்சர் வெளாட்டும் ஜல்தியா மாறிடும்.

— அவ டீச்சரா வெளாடலீங்க மேடம்.

— சோறு போடறா, வரிசையா உக்கார வெக்கறா, காதத் திருகறா. டீச்சர் இல்லாம பின்ன யாரு?

— அது வரைக்கும் டீச்சரு தாங்க.

— அப்புறம்?

— அது யாரு பொண்ணுன்னு நீங்க கேக்கவே இல்லீங்களே.

— ஊர்ப் பக்கம் ஏதோ ஒரு வீட்டுப் பொண்ணுன்னு நெனச்சேன். யாரு?

— எங்கண்ணன் சகாயராஜோட பொண்ணுங்க. போன மாசம் ஒரு நாளு, "அத்த, ஒன் டம்ளரு மட்டும் ஏன் வெளிய கீது"ன்னு கேட்டா. என்னா சொல்றதுன்னு தெரியல. "அது நம்ம டம்ளரு கண்ணு"ன்னு சொல்லி வெச்சேன்.

— டீச்சர்...

— சோறு போட்டது, தண்ணி ஊத்துனது, காதத் திருகுனது, அதெல்லாம் வெளாட்டு தாங்க மேடம். அதுக்கப்பறம் அவளுக்கு நெஜமாவே தாகம் எடுத்துச்சு.