ஐந்தாவது துடிப்பு

என் மகளின் நாடியை நான் எண்ணினால் எப்போதும் குறைவாகத்தான் வருகிறது. அதே மணிக்கட்டை நர்ஸ் பிடித்தால் சரியாக வருகிறது. கடிகாரத்தை மாற்றிப் பார்த்தேன். விரலை மாற்றிப் பார்த்தேன். கழுத்தில் வைத்தும் எண்ணினேன். குறைவுதான்.

நீங்கள் கேட்டது இதை அல்ல என்று தெரியும், சார். அண்ணனைப் பற்றிக் கேட்டீர்கள். ஆனால் இங்கிருந்து ஆரம்பித்தால்தான் எல்லாம் விளங்கும்.

நான் ட்ரெட்மில் பழுது பார்ப்பவன். ஓடுகிறவர் இரண்டு கைப்பிடியிலும் உள்ள உலோகத் தகட்டைப் பிடித்தால், இதயம் துடிக்கும்போது உடம்பில் எழும் மிகச் சிறிய மின்சாரம் ஒயர் வழியாகத் திரைக்குப் போகும். திரை அதை எண்ணிக் காட்டும். அதற்கு இதயத்தைத் தெரியாது. ஒயரில் வருவதை எண்ணத்தான் தெரியும். மக்கள் அதைத்தான் தங்கள் நெஞ்சு என்று நம்புகிறார்கள்.

என் மகளுக்குக் கல்லீரல் கெட்டுவிட்டது. மாற்றியாக வேண்டும் என்றார்கள். எனக்கும் என் மனைவிக்கும் ரத்தம் பொருந்தவில்லை. அண்ணனுக்குப் பொருந்தியது. அவன் யோசிக்கவே இல்லை. "பாதிதானே கேக்குறாங்க, முழுசாவே எடுத்துக்கச் சொல்லு. எப்படியும் நான் அதுக்கு வேலை குடுக்கறதில்ல" என்று சிரித்தான். தையல்கடை வைத்திருந்தவன். நாளெல்லாம் உட்கார்ந்தே இருந்து உடம்பு பெருத்துவிட்டது. கல்லீரலிலும் கொழுப்பு. அது குறைந்தால்தான் எடுக்க முடியும் என்றார் டாக்டர்.

இது நல்ல செய்தி, சார். தினமும் மூச்சு வாங்கும் அளவுக்கு நடந்தால், உடம்பு கையிலிருக்கும் சர்க்கரையைச் செலவழித்துவிட்டுக் கொழுப்பில் கை வைக்கும். கல்லீரலில் உள்ளது சீக்கிரமே கரையும். தொடைக்கும் தொப்பைக்கும்தான் நாளாகும். நான் ஒரு மெஷினைச் சரிசெய்து அண்ணன் வீட்டுக் கூடத்தில் கொண்டுபோய் வைத்தேன்.

அவன் ஓடவில்லை. எங்கள் அப்பா மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், பிறகு எழுந்திருக்கவில்லை. டாக்டர் எல்லாச் சோதனையும் பண்ணி, இதயம் நன்றாக இருக்கிறது என்று சொல்லியும் அண்ணனுக்கு நம்பிக்கை வரவில்லை. திரையில் நூற்று இருபது வந்தால் போதும், இறங்கிவிடுவான்.

"நூத்தி இருபதுடா. எனக்குத் தாங்காது."

"ஒண்ணும் ஆகாதுண்ணே."

"நீ மெஷின் டாக்டர். எனக்கு இல்ல."

அண்ணி அடுப்படியிலிருந்து, "அந்த மெஷின்ல துணி காயப்போடறதுக்கு நல்லா வசதியா இருக்கு தம்பி" என்பார்.

என் மகளுக்குக் கண்கள் மஞ்சளாகிக்கொண்டிருந்தன.

அதனால் கைப்பிடிக்கும் திரைக்கும் நடுவில் ஒரு சின்ன சர்க்யூட்டைப் பொருத்தினேன். நான்கு துடிப்பை அப்படியே அனுப்பும். ஐந்தாவதை விழுங்கிவிடும். அவ்வளவுதான் அதன் வேலை. திரையில் நூற்று இருபது என்றால் உள்ளே நூற்று ஐம்பது. டாக்டர் அந்த அளவுக்குப் போகலாம் என்றுதான் சொல்லியிருந்தார். ஆகவே நான் அவர் பேச்சை மீறவில்லை. அண்ணனின் பயத்தை மட்டும் கொஞ்சம் குறைத்தேன்.

பயம் போனதும் அவன் ஓடினான். சட்டை தொளதொளத்தது. தன் பேன்ட்டுகளைத் தானே பிடித்துத் தைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரிக்கு வந்து என் மகளின் கட்டில் ஓரத்தில் நின்று, "பெரியப்பாவைப் பாரு, மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டேன்" என்பான். அவள் சிரிப்பாள். அப்போது அவளுக்குச் சிரிக்கவும் சிரமம்.

மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். கொழுப்பு போயிருந்தது. ஆனால் கல்லீரல் அமைந்திருந்த விதம் சரியில்லை. மகளுக்கு வேண்டியதை எடுத்தால் அண்ணனுக்கு மிஞ்சுவது போதாது. உயிரோடிருக்கும் ஆளிடமிருந்து அதை எடுக்க மாட்டோம் என்றார் டாக்டர். அவர் சொன்ன வார்த்தைகளைத்தான் சொல்கிறேன். உயிரோடிருக்கும் ஆளிடமிருந்து.

அண்ணன் வெளியே வந்து சுவரில் சாய்ந்து அழுதான். "விடுடா, வேற வழி இருக்கும்" என்று எனக்கே ஆறுதல் சொன்னான். ஓடுவதை மட்டும் அவன் விடவில்லை. பழகிவிட்டது.

அந்த சர்க்யூட்டை அப்போதே கழற்றியிருக்கலாம். கழற்றவில்லை. ஜன்னல் வெயில் கண்ணில் படுகிறது என்று அவன் ஒருநாள் சொன்னான். மெஷினைத் திருப்பிப் போட்டேன். பின்பக்கம் தூண் வந்தது. பின்னால் ஒரு ஆள் படுக்கும் அளவாவது இடம் விட வேண்டும் என்று எல்லா வீட்டிலும் நான்தான் சொல்வேன். கூடம் சின்னது, என்ன செய்வது.

திரைக்கடியில் நீங்கள் எடுத்த காந்தத்தைப் பற்றி. மெஷினில் ஒரு சிவப்புச் சாவி இருக்கும். அதன் கயிற்றைச் சட்டையில் மாட்டிக்கொள்ள வேண்டும். விழுந்தால் சாவி பிடுங்கிக்கொண்டு வரும், பெல்ட் நின்றுவிடும். அந்தச் சாவி வெறும் காந்தம்தான். உள்ளே இன்னொரு காந்தம் ஒட்டியிருந்தால், சாவி போனதே மெஷினுக்குத் தெரியாது. பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். அண்ணன் தினமும் கயிற்றை ஒழுங்காக மாட்டிக்கொள்வான். அந்த விஷயத்தில் ரொம்பக் கவனம்.

அன்று காலை நான் அங்கே இருந்தேன். அதற்கு முந்தைய நாள்தான் அவனுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. கொஞ்சம் ஓடிவிட்டு, "தலை சுத்துதுடா. போதுமா?" என்றான்.

"மெஷின் என்னண்ணே சொல்லுது?"

"நூத்தி இருபதுங்குது."

"அப்புறமென்ன."

அவன் வேகத்தைக் கூட்டினான். நான் அவனைத் தொடவில்லை. தொடும் தூரத்திலும் நான் இல்லை.

தூணில் தலை மோதியதில் மூளை செயலிழந்துவிட்டது, மூச்சை மெஷின்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறது, இதயம் மட்டும் துடிக்கிறது என்றார்கள். அண்ணி என் முகத்தைப் பார்த்தார். "குடுக்கணும்னு அவ்வளவு ஆசைப்பட்டானே அண்ணி" என்றேன். அது பொய்யில்லை. அவர் தலையாட்டினார்.

மகள் நன்றாக இருக்கிறாள். கண்ணில் மஞ்சள் போய்விட்டது, பசிக்கிறது. பெரியப்பா மாதிரியே பேசிக்கொண்டே சாப்பிடுகிறாள். நாடியைப் பார்த்துவரச் சொல்லியிருக்கிறார்கள். கை வைத்தால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பிறகு விரலுக்கடியில் ஒன்றுமே இல்லை. பிறகு மறுபடி துடிக்கும்.

நேற்று நர்ஸ் என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நாலு வந்ததும் நிறுத்திடறீங்க சார். அது துடிச்சுக்கிட்டுதான் இருக்கு, நீங்கதான் எண்ண மாட்டேங்கறீங்க" என்றார்.

உயிரோடிருக்கும் ஆளிடமிருந்து எடுக்க முடியாது என்றார்கள். அதனால் அண்ணனைக் கொன்றேன். நீங்கள் எழுதிக்கொள்ளலாம். என் கணக்கும் இன்று காலை சரியாகிவிட்டது. நாலுக்குப் பிறகு அஞ்சு என்று சொல்வதில்லை. அண்ணன் என்று சொல்லிவிட்டு ஆறுக்குப் போகிறேன். நர்ஸ் எண்ணுவதும் நான் எண்ணுவதும் இப்போது ஒன்றாகவே வருகிறது.