பத்து ஊசியில் ஒன்று

போடியிலிருந்து மதுரை போகிற பஸ்சில் இடது பக்கம்தான் உட்கார வேண்டும். காலை வெயில் பெரும்பாலும் வலது பக்கம் அடிக்கும். ஒச்சம்மாளை எப்போதும் இடது ஜன்னலோரம்தான் உட்காரவைத்தேன். பெண்டாட்டியைக் கவனிக்கவில்லை என்று என்னை யாரும் சொல்ல முடியாது சார். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். போடிமெட்டுக்கு மேலே ஒண்ணரை ஏக்கர் ஏலத்தோட்டம் இருக்கிறது. காய் வாங்குகிறவனையும் நம்ப மாட்டேன், ஆஸ்பத்திரிக்காரனையும் நம்ப மாட்டேன்.

மகள் சூர்யகலா மதுரையில் ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறாள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து செய்யும் வேலையெல்லாம் அவள் தலையில்தான். ஜெர்மனிக்கார வாத்தியார்களை என் தோட்டத்துக்கே கூட்டிவந்து அழுகல் விழுந்த தூர்களைக் காட்டினாள். "ஒப்பந்தக் காகிதம் சுவத்துல தொங்கும்யா. போய்வர்ற வாத்தியாரு இல்லேன்னா அது வெறும் படம்," என்பாள். கூட வேலை பார்ப்பவர்கள் நழுவிக்கொண்டார்கள். இவள் இரண்டு வருசம் அங்கே போக ஒப்புக்கொண்டாள்.

அந்த நேரத்தில்தான் ஒச்சம்மாளுக்கு இரைப்பையில் புற்று. மகள் பயணத்தைத் தள்ளிவைத்தாள். அறுவைக்கு முன்னால் இரண்டு தடவை, பின்னால் இரண்டு தடவை, புற்று மருந்தோடு இன்னொரு ஊசியும் ஏற்றினார்கள். உடம்பே நோயை அடையாளம் கண்டு அடிக்கப் பழக்குகிற ஊசியாம். அதன்பிறகு அந்த ஊசி மட்டும் மாதம் ஒன்றாகப் பத்து. அழுகினதை வெட்டி எறிந்தாகிவிட்டது, இன்னும் எதற்கு மருந்து என்று கேட்டேன். மகள் ஏதோ சொன்னாள். பத்துக்கும் கூட்டிப்போகிற பொறுப்பை என்னிடம் விட்டுவிட்டு விமானம் ஏறினாள்.

முதல் ஊசியைப் போட்டேன். திரும்பி வரும்போது உசிலம்பட்டி தாண்டி ஒச்சம்மாள் பையிலிருந்து, மகள் எடுத்துக் கொடுத்திருந்த பாஸ்போர்ட்டை எடுத்துத் தன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பத்தும் முடியட்டும். பாப்பாகூடப் போயி இருக்கப் போறேன்."

"அங்கன ஒனக்கு என்ன சோலி?"

"அம்பது வருசமா ஒங்க மூஞ்சியப் பாத்தாச்சு. கொஞ்ச நாளைக்கு வெள்ளக்காரன் மூஞ்சியப் பாக்குறேன்." சிரித்தாள். பிறகு, "நீங்களும் வாங்களேன். பாப்பாவும் கூப்புடுதுல்ல," என்றாள்.

"காய யாரு எடுக்கிறது?"

"அப்ப காயோட இருங்க," என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குப் பழக்கம்தான்.

அடுத்த மாதமும் அதே மதுரை பஸ்தான், அதே இடது பக்கம்தான். தேனியில் இறங்கிவிட்டோம். மருந்து இப்போது இங்கேயே வருகிறது என்றேன். அங்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருக்கிற கன்னையன் எனக்குப் பழக்கம். உடம்பு தளர்ந்திருக்கிறது, ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிவிடப்பா என்று அவனிடம் சொல்லியிருந்தேன். அவன்மேல் குற்றம் இல்லை. பாட்டில் இறங்கி முடிகிறவரை அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. வேறு ஊரில் போட்டுக்கொள்கிறோம் என்றேன். மகளும் ஒவ்வொரு மாதமும் கேட்டாள். "போட்டாச்சு ஆத்தா," என்றேன். "ஏத்துனாங்க பாப்பா, முந்தி மாதிரி அரிப்புகூட இல்ல," என்று ஒச்சம்மாளும் சந்தோசமாகச் சொன்னாள்.

ஆறாவது பாட்டிலுக்குப் பிறகு வயிற்றில் நீர் கோர்த்தது. மதுரைக்குக் கூட்டிப்போனேன். திரும்ப வந்துவிட்டது, இனி செய்ய ஒன்றுமில்லை என்றார்கள். ஐந்து வாரம் இருந்தாள். "எல்லா ஊசியையும் ஒழுங்காத்தான போட்டுக்கிட்டேன்," என்று கடைசிவரை என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆமாம் என்றேன்.

மகள் வந்து ஆஸ்பத்திரியில் விசாரித்தாள். பத்தில் ஒன்றுதான் போட்டிருக்கிறது என்று காட்டிவிட்டார்கள். உங்களிடம் புகார் எழுதிக் கொடுத்தது அவள்தான். என்னை அய்யா என்று கூப்பிடுவதை விட்டுவிட்டாள். பத்தும் போட்டிருந்தாலும் வந்திருக்கலாம், ஆனால் வாய்ப்புக் குறைவு என்று டாக்டரும் சொன்னார். அந்த முதல் பாதியை மறக்காமல் எழுதுங்கள்.

படிக்காதவன், மருந்தை நம்பாமல் செய்துவிட்டான் என்று எழுதப் பார்க்கிறீர்கள். அப்படி எழுதினால் எனக்கு நல்லது என்று வக்கீலும் சொல்கிறார். ஆனால் மகள் அன்றைக்கு என்ன சொன்னாள் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"அழுகுன தூரத் தோண்டி எறிஞ்சப்புறம் சுத்தியிருக்கிற தூருக்கெல்லாம் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து ஊத்துவீங்கள்லய்யா? எதுக்கு ஊத்துறீங்க? அதேதான் இது."

முப்பது வருசமாக என் கையால்தான் ஊற்றுகிறேன். ஒரு வருசம் ஊற்றாமல் விட்டு, தோட்டத்தில் பாதி போனதைப் பார்த்தவன் நான். அவள் சொன்னது அப்போதே விளங்கிவிட்டது.

ஒச்சம்மாளைக் கொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை சார். விமானம் ஏற முடியாத அளவுக்கு மட்டும் நோய் இருந்தால் போதும் என்றுதான் இருந்தேன். அந்த அளவு கொஞ்சம் தப்பிவிட்டது. அவ்வளவுதான்.